அட்டைக்குள் அம்புலிமாமா

சென்ற வாரம் பொத்தேரி ஸ்டேஷனில் கடற்கரை வண்டிக்காகக் காத்திருந்தேன். அங்கே என் வயதுக்காரர்கள் சிறுபான்மையினர். பக்கத்தில் பல்கலைக்கழகம் இருப்பதால் பிளாட்பாரம் முழுவதும் பிள்ளைகள்தாம். பெஞ்சில் என் அருகில் இருந்த பெண், தலையணை கனத்துக்கு ஒரு ஹாரி பாட்டரை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நானும் படித்துக்கொண்டிருந்தேன். என் புத்தகத்துக்குத் தினசரித் தாளில் அட்டை போட்டிருந்தது. பக்கத்தைத் திருப்பியபோது அவள் படத்தைப் பார்த்துவிட்டாள்: தோளில் பிணம், கையில் உருவிய வாள், நடந்து வரும் ராஜா.

"அம்புலிமாமாவா சார்? எங்க பாட்டி பைண்டு பண்ணி வச்சிருந்தாங்க" என்றாள். பிறகு, "எதுக்கு சார் மேல பேப்பர் போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"பழசும்மா, கிழிஞ்சிடும்" என்றேன்.

பொய். அறுபதைத் தாண்டியவன், அதிலும் நாவலாசிரியன் என்று பெயர் பண்ணிக்கொண்டவன், வேதாளக் கதை படிப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் நிஜம். வண்டி தாம்பரம் தாண்டும் வரையில் அந்தப் பொய் உறுத்திக்கொண்டே வந்தது. இங்கிலாந்தில் 1998-ல் அதே ஹாரி பாட்டருக்குப் பெரியவர்களுக்கென்று வேறொரு அட்டை போட்டு விற்றார்கள். உள்ளே ஓர் எழுத்துக்கூட மாற்றமில்லை. அந்தப் பதிப்பாளர் செய்ததைத்தான் நான் பசையும் தினசரித் தாளும் கொண்டு செய்திருக்கிறேன்.

இது குழந்தைகளின் சொத்து என்று யார் சொன்னார்கள்? நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் அம்புலிமாமாவைத் தொடங்கியது குழந்தைகளுக்காகத்தான், மெய். ஆனால் வேதாளம் அதற்கு வெகு முந்தியது. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் அந்த இருபத்தைந்து கதைகளையும் தம் கதைக்கடலில் சேர்த்துச் சொன்னது, சூரியவதி என்ற ராணியின் மனத்துக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. கணவனுக்கும் மகனுக்கும் இடையே மூண்ட பகையில் வெந்தவள் அவள். அவளா குழந்தை? நம் ஊரில் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையைக் காசு கொடுத்து வாங்கியவர்களும் பெரியவர்களே. என் பாட்டனார் திண்ணையில் அதை ராகம் போட்டுப் படிப்பார். நாள் முழுதும் ஏர் பிடித்தவர்கள் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். குழந்தைகளை 'போய்த் தூங்கு' என்று விரட்டுவார்கள்!

இவ்வளவும் வக்கீல் வாதம். ஜெயித்துவிடலாம், கூச்சம் போகாது. ஏனென்றால் என் கூச்சம் வயதைப் பற்றியதே அல்ல.

என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதங்களில், இரவெல்லாம் அவள் கட்டிலருகே உட்கார்ந்து இதே பைண்டு வால்யூமைத்தான் படித்தேன். டால்ஸ்டாயைக் கொண்டு போயிருந்தேன். ஒரு பக்கம் ஓடவில்லை. ஒருநாள் அதிகாலையில் வந்த என் மைத்துனர் புத்தகத்தைப் பார்த்தார். "இந்த நேரத்திலயா, மாப்பிள்ளே?" என்றார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குத்தான் இன்னும் அட்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலேயரான டோல்கீன், மாயக் கதைகளைப் பற்றி 1939-ல் செய்த ஒரு சொற்பொழிவை விரித்து, அம்புலிமாமா பிறந்த அதே 1947-ல் அச்சிட்டார். சிறையிலிருப்பவன் தப்ப நினைப்பதையும், படையை விட்டு ஓடுகிறவனின் ஓட்டத்தையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள் என்கிறார் அதில். 1916-ல் சோம் போர்க்களத்துப் பதுங்குகுழிகளில் கிடந்தவர். இரண்டின் வித்தியாசமும் அவருக்குத் தெரிந்திருக்கும். நான் எந்த ரகம்? பல இரவுகள் சிறையாளிதான். ஆனால் ஓர் இரவு அவள் தண்ணீர் கேட்டாள். இரண்டாந்தரம் கேட்டபோதுதான் என் காதில் விழுந்தது. முதல் தரம் நான் அந்த அறையில் இல்லை.

சிறுவனாக இருந்தபோது வேதாளத்தின்மீதுதான் என் கண். இப்போது ராஜாவைப் பார்க்கிறேன். வழிநடையின் சிரமம் தெரியாமல் இருக்கத்தான் வேதாளம் கதை சொல்கிறது. கதை நடக்கும்போதும் பிணத்தின் கனம் தோளில் இருக்கத்தான் செய்கிறது. அதில் லயித்து வாய் திறந்து பதில் சொன்னானோ, தோள் காலி. வேதாளம் முருங்கை மரத்தில். அவனும் திரும்பி நடந்து, மரம் ஏறி, மறுபடி கட்டி இறக்கித் தூக்கிக்கொள்கிறான். குழந்தைகள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். கதையும் ஒரு வரிதான் கொடுக்கிறது. எனக்கு அந்த ஒரு வரியில்தான் நெடுநேரம் ஆகிறது. அந்த இரவு நானும் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. குடித்துவிட்டு, "அப்புறம் என்ன ஆச்சு, படிங்க" என்றாள். கேலியா, மன்னிப்பா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வாய்விட்டுப் படித்தேன். பாதியில் தூங்கிவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும் தினசரித் தாளைப் பிரிக்க உட்கார்ந்தேன். பசை கொஞ்சம் அதிகம் வைத்திருக்கிறேன் போலும். தாளோடு சேர்ந்து பழைய அட்டையின் ஒரு மூலையும் கிழிந்து வந்துவிட்டது.