நந்தவனப்புறம்

திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் செல்லும் வழியில், குச்சிக்கிழங்குக் காடுகளுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் நடுவே அமைந்த ஒரு சிற்றூருக்கு, உறவினர் வீட்டு விசேஷத்தை முன்னிட்டுச் சென்றிருந்த நான், வெயில் தாழ்ந்ததும் சற்றுக் காற்று வாங்கலாமென்று எண்ணி, ஊர்க்கோடியிலிருந்த அம்மா பூங்காவுக்குள் நுழைந்தேன்.

ஊஞ்சலின் சங்கிலிகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன, பலகையைக் காணவில்லை. நடைபாதைக் கற்களின் இடுக்கெல்லாம் நெருஞ்சி படர்ந்திருந்தது. சறுக்குமரத்தின் ஏணியில் இரண்டு வெள்ளாடுகளைக் கட்டியிருந்தார்கள். தேசமெங்கும் ரிக் வண்டிகளை அனுப்பி ஆழ்துளைக் கிணறு தோண்டிக் கொடுக்கும் திருச்செங்கோட்டுக்கு அருகிலேயே, அந்தப் பூங்காவின் போர் மோட்டாரின்றி, வாயில் ஒரு கருங்கல்லைச் சுமந்து கிடந்ததைக் கண்டபோது என் மனம் மிகவும் வேதனையுற்றது.

2016-ஆம் ஆண்டில், அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா, 500 ஊராட்சிகளில் 100 கோடி ரூபாய் மதிப்பீட்டில் இத்தகைய பூங்காக்களை அமைக்கப்போவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அவர் காலமானார். அவரைக் குறிக்கும் அம்மா என்ற பெயர் தாங்கிய அந்தத் தோட்டங்களில் மரம் வளர்ந்து நிழல் விழுவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலமும் முடிந்துபோய், 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடக்கும் வரையில், மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிராமங்கள் தனி அலுவலர்களின் பொறுப்பிலேயே இருந்தன. கன்றுகள் வேரூன்ற வேண்டிய அந்தப் பருவத்தில், "செடி வாடுகிறதே" என்று போய்க் கேட்பதற்கு ஊரில் ஒரு தலைவர் இல்லை. அடுத்து வந்தது கொரோனா. கட்சி அபிமானமும் கட்சி விரோதமும் இதில் கலந்திருக்கலாம். ஆயினும் மோட்டார் பழுதாவதற்குக் கட்சி ஒரு காரணமாகாது.

சிலைக்கு வருஷத்தில் ஒரு நாள் மாலை போட்டால் போதும். தோட்டமோ தினந்தோறும் தண்ணீர் கேட்கும். உயிருள்ள ஒன்றுக்கு ஒரு மாதரசியின் பெயரைச் சூட்டுகிறவர்கள், அந்தத் தினசரிக் கடமைக்கும் சேர்த்தே பிரதிக்ஞை செய்துகொள்கிறார்கள் என்பது என் எண்ணம். நம் முன்னோர் இதை அறியாதவர்களல்லர். சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தவனம் அமைத்தவர்கள், அதைப் பராமரிப்பதற்கென்றே திருநந்தவனப்புறம் என்று தனியே நிலம் விட்டுக் கல்லில் வெட்டி வைத்தார்கள். பூச்செடியோடு, அதற்கு நீரிறைப்பவனின் சோற்றையும் அவர்கள் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். பம்பாயில் 1862-இல் விக்டோரியா ராணியின் பெயரால் திறக்கப்பட்ட தோட்டம், பிற்காலத்தில் சிவாஜியின் தாய் ஜீஜாபாயின் பெயரைப் பெற்றது. பெயர் மாறியபோதிலும், மாநகராட்சியின் தோட்ட இலாகா அதைக் கைவிடவில்லை. பராமரிப்புக்கென்றே ஒதுக்கிவைக்கும் அந்த நந்தவனப்புறந்தான் நம் கிராமத்துப் பூங்காவுக்கு இல்லை.

இதில் என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. நம் பக்கத்துக் கிராமங்களில் ஆண்பிள்ளைகள் உட்காருவதற்கு டீக்கடை பெஞ்சு உண்டு, கோயில் திண்ணை உண்டு, ஆலமரத்து மேடை உண்டு. பெண்பிள்ளைகளோ குழாயடியில் குடத்தோடு நிற்கலாம், காட்டில் களைக்கொத்தோடு குனியலாம், வேலை ஏதுமின்றிச் சும்மா உட்காருவதற்கு அவர்களுக்கென்று ஓரிடம் கிடையாது. ஒரு பெண்ணைச் சுட்டும் பெயரோடு வந்த பூங்காவாவது அந்த இடமாக இருந்திருக்கலாம். அது முள்ளடைந்து போனதில் முதல் நஷ்டம் அவர்களுக்கே.

ஆடுகளை அவிழ்க்க வந்த மூதாட்டியிடம், "இங்கே செடியெல்லாம் இருந்ததாம்மா?" என்று விசாரித்தேன்.

"இருந்துச்சுங்க. செவ்வரளியும் நந்தியாவட்டையுமா வரிசையா வெச்சாங்க. ஒரு கோடைக்குத் தாங்கலீங்க."

அடுத்த கிராம சபையில் இதை எழுப்பும்படியும், பூங்காவைப் பார்த்துக்கொள்ள மாதச் சம்பளத்தில் ஓர் ஆளைக் கேட்கும்படியும் சொன்னேன். அவர் ஆட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே, கருங்கல் மூடிய போரைப் பார்த்தார்.

"ஆளு எதுக்குங்க? மோட்டாரு மட்டும் ஓடுனாப் போதும். பொழுதோட ஆடு புடிக்க வர்றப்ப தண்ணி நானே விட்டுக்குவனுங்க."