இரக்கப் புள்ளிகள்

பிரான்சில் எமது பிள்ளைகள் 11 வயதிலிருந்து 15 வரை படிக்கும் கொலேஜின் முடிவில் 'பிரெவே' பரீட்சை வருகிறது. 2018 முதல் 2025 வரை அதற்கு மொத்தம் 800 புள்ளிகள், சித்தியடைய 400. பாதிப் புள்ளிகளை ஆசிரியர்களே எட்டுத் திறன்களை மதிப்பிட்டு வழங்கினர். எட்டிலும் 'திருப்தி' என்றால் 320. இறுதிப் பரீட்சைகளில் 400க்கு 80 எடுத்தால் போதும்.

இது இரக்கமா, ஏமாற்றா?

பின்தங்கிய பிள்ளையை அவமானப்படுத்துவதை நாம் கேட்கவில்லை. பிரம்படியோடு படித்தவர்கள் நாம். ஆனால் பிரெஞ்சு தெரிந்த பெற்றோர் கொப்பியைப் புரட்டியே உண்மையை அறிந்துகொள்வர். நள்ளிரவில் உணவகச் சமையலறையிலிருந்து திரும்பும் எமக்கு அந்தப் புள்ளித்தாள் ஒன்றுதான் சாட்சி. அது பொய் சொன்னால், லிசேயின் முதல் தவணையில் பிள்ளை தனியே விழும்.

இலங்கையில் 1970களின் தரப்படுத்தல் எமது புள்ளிகளின் பெறுமதியைக் குறைத்தது. அதை அநீதி என்றோம். அறிவில்லாத இடத்தில் புள்ளியைக் கூட்டுவதும் அநீதியே. இதற்கு மட்டும் நாம் நன்றி சொல்கிறோம்.

2026 முதல் இறுதிப் பரீட்சைகளுக்கு 60 வீதம், வகுப்புப் புள்ளிகளுக்கு 40 வீதம். கணக்கு நேராகியிருக்கலாம். ஆனால் உண்மையான புள்ளியைக் கொடுப்பவர்கள், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து படிப்பிக்க ஓர் ஆளையும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்பு பொய்யால் கைவிட்ட பிள்ளையை இப்போது உண்மையால் கைவிடுகிறோம்.