தேசிக்காய் நசித்த சில்லு

யாழ்ப்பாணத்தில் புது வாகனம் எடுத்தவர் அதை முதலில் கொண்டுபோய் நிறுத்துவது கோயில் வாசலில்தான். மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ லொறியோ, முறை ஒன்றே. ஐயர் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டுவார். தேங்காய் உடைபடும். கடைசியாகச் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைக்கப்படும். உரியவர் சாவியைத் திருக, வண்டி மெல்ல நகரும், பழங்கள் நசியும். கண்ணூறு கழிந்தது, இனிப் பயமில்லை என்று வீட்டுக்காரர் மூச்சு விடுவார்கள்.

குடாநாட்டை விட்டுப் போனவர்கள் இந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் ஒஸ்லோவிலும் தேசிக்காய் நசிகிறது. ஆனால் அங்கே ஒரு சிக்கல் முளைத்தது. யாழ்ப்பாணத்தில் எவருக்கும் வந்திராத சிக்கல் அது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு இளைஞர் ஆவணி மாதம் மஸ்டாங் கார் ஒன்றை வாங்கிப் பூசை செய்விக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலு சில்லும் நாலு தேசிக்காயை நசித்தாயிற்று. கார்த்திகை வந்ததும் அதே நாலு சில்லையும் கழற்றி நிலவறையில் அடுக்கிவிட்டு, வின்ரர் ரயர் ஏற்றிய வேறு நாலு சில்லைப் பூட்டுகிறார். பூசை கண்டவை நிலவறையில் உறங்குகின்றன. வருடத்தின் மிக ஆபத்தான மாதங்களில் வீதியில் ஓடுவதோ தேசிக்காயின் மணமே அறியாதவை. அப்படியானால் அந்தக் காப்பு இப்போது எங்கே இருக்கிறது, வண்டியிலா நிலவறையிலா?

கேலியாகத் தோன்றலாம். ஆனால் அருள் ஒரு பொருளில் தங்குமா, தங்கினால் அந்தப் பொருளின் எந்தப் பகுதியில் தங்கும், பகுதியை மாற்றினால் அது போய்விடுமா என்பவை சைவர்கள் பல நூற்றாண்டுகளாக மிகக் கவனமாக யோசித்த கேள்விகள். காருக்காக யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ரயர்க்கடைக்காரர் சொல்வதைக் கேட்கலாம். கோடைகால ரயரின் ரப்பர்க் கலவை சூட்டைத் தாங்கச் செய்தது. வெப்பம் ஏறத்தாழ 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது விறைக்கத் தொடங்கி வீதியைப் பிடிக்க மறுக்கும். ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்று வரும் வேக ரயர்கள் இன்னும் மோசம்; கடுங்குளிரில் ஓட்டினால் ரப்பரில் வெடிப்பு விழலாம் என்று அவற்றைச் செய்பவர்களே எச்சரிக்கிறார்கள். வின்ரர் ரயரின் கலவை குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். அதன் தடத்தில் நூற்றுக்கணக்கான மயிரிழை வெட்டுகள் உண்டு, அவைதான் பனியைக் கவ்வுபவை. யாழ்ப்பாணத்தில் மார்கழி இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே போவது அரிது. அதனால் அங்கே ரயர் என்றால் ஒரே ரயர்தான், மாற்றுவது தேய்ந்தால் மட்டும்.

மஸ்டாங்கைப் போலப் பின்சில்லால் ஓடும் காரின் கதை தனி. பாரமான இயந்திரம் முன்னால் இருக்கிறது. தள்ளும் வேலை பின்னால் நடக்கிறது. பாரம் குறைந்த பின்சில்லில் பெரிய விசை ஏறினால் பனியில் அது வெறுமனே சுழலும், அல்லது வளைவில் காரின் வால் முன்னுக்கு வந்துவிடும். பின்சில்லு ஓட்டம் குடாநாட்டுக்குப் புதிதல்ல. ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் என்று அங்கே தலைமுறை தலைமுறையாக ஓடியவை எல்லாம் அந்த இனந்தான். 1990க்குப் பிறகு வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டி அவற்றைக் காப்பாற்றினார்கள். அந்தக் கார்களுக்கு வாலைச் சுழற்றும் வலு கிடையாது. மிஞ்சிப்போனால் வடமராட்சி கிழக்கு மணலில் புதையும். புதைந்தால் ரயரில் காற்றை இறக்குவார்கள்; ரயர் அகன்று மணலின் மேல் ஏறிவிடும்.

பனி இதற்கு நேர்மாறானது. அகலமான ரயர் பனியின் மேல் மிதக்கும். ஒடுக்கமானது பனியை அறுத்துக்கொண்டு வீதியைத் தொடும். அதனால்தான் 19 அங்குலச் சில்லில் அகல ரயரோடு வந்த காருக்குக் குளிர்காலத்தில் 18 அல்லது 17 அங்குலச் சில்லும், ஒடுங்கிய, பக்கச்சுவர் உயர்ந்த ரயரும் பூட்டுகிறார்கள். சிறிய சில்லு பிரேக்கில் முட்டாமல் இருக்க வேண்டும், நட்டுத் துளைகள் பொருந்த வேண்டும் என்பவை மேலதிகக் கவலைகள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவர், ஓடுவது பின்சில்லுதானே, இரண்டு போதாதா என்று கேட்பார். போதாது. பின்னால் மட்டும் பூட்டினால் கார் நன்றாகக் கிளம்பும். பிறகு முன்சில்லு திரும்பவும் மாட்டாது, நிறுத்தவும் மாட்டாது. இந்த ஒரு விடயத்தில் ஐயர் ரயர்க்கடை வாடிக்கையாளரைவிடச் சரியாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்: நாலு சில்லுக்கும் நாலு பழம்.

அரசுகளும் பேசியிருக்கின்றன. கியூபெக் மாகாணம் 2008இல் வின்ரர் ரயரைக் கட்டாயமாக்கியது. இப்போது அங்கே மார்கழி (டிசம்பர்) 1 முதல் பங்குனி (மார்ச்) 15 வரை அது இல்லாமல் ஓடினால் தண்டம். யேர்மனியில் 2010 முதல், வீதியில் பனியோ உறைபனியோ இருந்தால் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் பூட்டியவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு உண்டு. தேசிக்காய்க்குக் கழிவு தரும் காப்புறுதி நிறுவனம் இன்னும் தோன்றவில்லை.

இங்கேதான் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கடவுளை நம்பினால் ரயர் எதற்கு என்று கேட்கும் பகுத்தறிவாளர் ஒரு பக்கம். ரயரை நம்பினால் பூசையை ஏன் இழிவுபடுத்துகிறாய் என்று கேட்கும் பக்தர் மறுபக்கம். இரண்டு பேரும் ஒரே தவறான கணக்கைத்தான் போடுகிறார்கள்: அருள் கூடினால் ரப்பர் குறைய வேண்டும், ரப்பர் கூடினால் அருள் குறைய வேண்டும்.

இருவரும் நல்லூருக்குப் போய்த் தேர்த் திருவிழாவைப் பார்க்கட்டும். 25 நாள் மகோற்சவத்தில் 24ஆம் நாள் சண்முகப் பெருமான் தேரேறி வருகிறார். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். எல்லோர் கண்ணும் மேலே இருக்க, கண்ணைக் கீழே சில்லில் மட்டும் வைத்திருக்கும் ஒரு கூட்டமும் எந்தத் தேருக்கும் உண்டு. அவர்கள் கையில் முட்டுக்கட்டை. தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்தக் கட்டைகளே. உள்ளே வேலவரே இருக்கிறார், அவர் நிறுத்திக்கொள்வார் என்று ஒரு தேரடியிலும் எவரும் கட்டையைக் கீழே போட்டதில்லை. திருவாரூரின் ஆழித் தேர் 96 அடி உயரம், ஏறத்தாழ 300 தொன் எடை. அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ரோலிக் பிரேக்கும் செய்து பூட்டியது. அதில் எழுந்தருளும் தியாகராசர்மேல் நம்பிக்கை குறைந்துபோய் அதைச் செய்யவில்லை. மாறாக 2022 சித்திரையில் தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். மின்சாரம் தேரில் வருவது யார் என்று பார்க்கவில்லை.

ஆக, சுவாமி எழுந்தருளியிருக்கும் வண்டிக்கே பிரேக் தேவை. மஸ்டாங்குக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் நிலவறையில் அடுக்கிய சில்லுகளின் கேள்வி இன்னும் நிற்கிறது. அதற்குக் கோயில் திருப்பணி முறையிலேயே ஒரு பதில் உண்டு. மூலஸ்தானத்தைத் திருத்த வேண்டி வந்தால், முதலில் பாலஸ்தாபனம் செய்கிறார்கள். மூலமூர்த்தியின் சாந்நித்தியத்தை மந்திரத்தால் கும்பத்துக்கு மாற்றி, அங்கிருந்து ஒரு சிறிய பிம்பத்தில் இருத்துகிறார்கள். கல்லுடைக்கும் வேலை முடியும் வரை வழிபாடு அந்தச் சிறிய பிம்பத்துக்கு. வேலை முடிந்ததும் கும்பாபிஷேகத்தில் சாந்நித்தியம் மூலத்துக்குத் திரும்புகிறது. போரில் சிதைந்த குடாநாட்டுக் கோயில்கள் பல மீண்டெழுந்தது இந்த முறையில்தான்; கீரிமலை நகுலேஸ்வரம் 2012இல் கும்பாபிஷேகம் கண்டது. இதில் பொதிந்துள்ள கொள்கை தெளிவானது. அருள் கல்லின் குணமல்ல; அழைத்தால் வருவது, மாற்றினால் மாறுவது, திரும்ப அழைத்தால் திரும்புவது. கருங்கல்லோடு ஒட்டிக்கொள்ளாத ஒன்று ரப்பரோடு ஒட்டிக்கொண்டு நிலவறைக்குப் போயிருக்கும் என்று நினைக்க இடமில்லை.

குறிகட்டுவானிலிருந்து படகேறிப் போகும் நயினாதீவில் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். அங்கே நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே கரையில் இருக்கின்றன. பௌத்த காப்பியமான மணிமேகலை சொல்லும் மணிபல்லவம் இதுவே என்று கொள்வோர் பலர். பௌத்தர்களின் மிலிந்த பஞ்ஞா என்ற நூலில், தேரில் வந்த மிலிந்தன் எனப்படும் மெனாண்டர் மன்னனிடம் நாகசேனர் கேட்கிறார்: சில்லுதான் தேரா, அச்சுதான் தேரா, நுகந்தான் தேரா? ஒன்றுமில்லை என்றால் நீர் வந்த தேர் எங்கே? பகுதிகள் சேர்ந்தபோது வழங்கும் பெயரே தேர் என்று மன்னன் ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது. இந்த வழியில் போனால் காப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்வியே கரைந்துபோகும், ஏனெனில் அது தங்குவதற்கு மஸ்டாங் என்று தனியாக ஒன்று இல்லை. கூர்மையான வாதம். பனியில் சறுக்கிக்கொண்டிருப்பவருக்கு ஆறுதல் தராத வாதமும்கூட.

சைவ சித்தாந்தி இங்கே பிரிந்து போகிறார். 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் வழியில், என் உடல் என்று சொல்பவன் உடலுக்கு வேறாக இருக்க வேண்டும். என் கார் என்று சொல்பவனும் அப்படியே. பூசை யாருக்குச் செய்யப்பட்டது என்பதே இப்போது புரளுகிறது. காருக்கு வினை இல்லை, கன்மம் இல்லை, பயமும் இல்லை. அவை சாரதி ஆசனத்தில் இருப்பவருக்கு உரியவை. தேசிக்காயை நசித்தது ரயராக இருக்கலாம். நசித்ததால் ஏதேனும் மாறியிருந்தால் அது அவரிடம்தான் மாறியிருக்கும்.

சித்தாந்தம் குடத்தை வைத்துக் காரணங்களை விளக்கும் இடமும் இங்கே பொருந்தும். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்தகாரணம். உலகப் படைப்பில் மண்ணின் இடத்தில் மாயை, குயவரின் இடத்தில் சிவன், சக்கரத்தின் இடத்தில் சத்தி. துணைக்காரணத்தை இழிவாக நினைக்கும் பக்தர் அந்த இடத்தில் யாரை வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்க்கலாம். ரயர் அருளுக்குப் போட்டியல்ல; அருள் வேலை செய்யும் வழிகளில் அதுவும் ஒன்றாக இருக்கக்கூடாது என்று சாத்திரம் சொல்லவில்லை.

விதிப்படி நடக்கும் என்பவருக்கும் ஒரு பதில் உண்டு. இப்பிறவியில் அனுபவித்தே தீரவேண்டியது பிராரத்தம். அதை அனுபவிக்கும்போது புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். கோடை ரயரோடு பனியில் இறங்கி, வாகனம் வழுக்கி, நடைபாதையில் நின்ற பிள்ளைமேல் ஏறினால், அந்தப் பிள்ளையின் விதி என்று சொல்லித் தப்ப முடியாது. பூட்டவேண்டியதைப் பூட்டாமல் விட்டது இன்றைய செயல், புதுக் கணக்கு. தேசிக்காய் பெரும்பாலும் தன் கண்ணூறைப் பற்றியது. வின்ரர் ரயர் முன்னால் வருகிற, பெயர் தெரியாத ஆட்களைப் பற்றியது. சமய நோக்கில் எது கனமானது என்று கேட்டால், இரண்டாவதே என்று தயங்காமல் சொல்லலாம்.

இதெல்லாம் தேசிக்காய்க்கு எதிரான வழக்கல்ல. சிறுதெய்வக் கோயில்களின் உயிர்ப்பலியைக் கடுமையாகக் கண்டித்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). அவர் இன்றிருந்தால் இந்தப் பழம் எந்த ஆகமத்தில் இருக்கிறது என்று கேட்டிருப்பார் என்று ஊகிக்கலாம். ஆனால் பலியின் இடத்தில் வந்த பழம் என்று கொண்டால், இரத்தத்திலிருந்து தேசிக்காய்க்கு வந்தது சிறிய பயணமல்ல. இத்தகைய சடங்குக்கு இன்னொரு பயனும் உண்டு. யாழ்ப்பாணத்துக்கான ஏ9 வீதியில் போகிற எந்த பஸ்ஸும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போவது அபூர்வம். ஆட்கள் இறங்கிக் கற்பூரம் கொளுத்துகிறார்கள், கச்சான் வாங்குகிறார்கள். சாரதிக்கு அது சோர்வு நீங்கும் நேரம், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும் நேரம். வேகத்தில் போகிறவனை ஒரு கணம் நிறுத்தி, நீ இறக்கக்கூடியவன், பிறரைக் கொல்லவும் கூடியவன் என்று நினைவூட்ட ரயரால் முடியாது. நல்ல ரயர் பல வேளை அதை மறக்கவே வைக்கும். வின்ரர் ரயர் பூட்டிவிட்டோம் என்ற தைரியத்தில் பனியில் வேகம் கூட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வின்ரர் சில்லுக்கும் தனியாகத் தேசிக்காய் வைக்க விரும்புகிறவரைத் தடுப்பார் யாருமில்லை, பாலஸ்தாபனக் கணக்கில் அது தேவையில்லை என்றாலும். ஒரு சிறு நடைமுறைச் சிக்கல் மட்டும் உண்டு. புதிதாகப் பூட்டிய சில்லின் நட்டுகளை 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி இறுக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் அவை சற்றுத் தளரக்கூடும். பூசையை அதற்கு முன் வைப்பதா பின் வைப்பதா என்பதை ஐயரும் மெக்கானிக்கும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.