கயிறு பிடிப்பவன்

நமது விமர்சன மொழியில் மிகவும் தேய்ந்துபோன நாணயங்களில் ஒன்று 'மூழ்கி முத்தெடுத்தல்'. கவிஞன் ஆழத்துக்குப் போகிறான், முத்தோடு வருகிறான். விமர்சகன் கரையில் நின்று முத்தின் ஒளியை மெச்சுகிறான். இந்தப் படிமத்தில் மூழ்குபவன் எப்போதும் தனியன். நிஜமான முத்துக்குளிப்பில் அவனுக்கு அந்தத் தனிமை கிடைத்ததில்லை. மன்னார் வளைகுடாவின் பார்களில் குளியாள் கல்லில் கால் ஊன்றி இறங்கினான். தோணியில் இன்னொருவன் கயிற்றைப் பிடித்திருந்தான். கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவன் இழுக்கவேண்டும். ஒரு நிமிஷ மூச்சின் கணக்கு அது.

கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்கவேண்டும் என்று ஒரு வழக்கு உண்டு. தன் தங்கை தாலி இழக்க அவன் சம்மதிக்கமாட்டான் என்பது காரணம். இதைப் பாசத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பாசத்தின் மீதான அவநம்பிக்கைதான் தெரிகிறது. உடன்பிறந்தவனை விட்டு மச்சானைத் தேடுவானேன்? உடன்பிறந்தவனிடம் பங்கு உண்டு. பங்கு இருக்கும் இடத்தில் கை தளரக்கூடும். மச்சானின் மனம் எப்படிப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை. அவன் கை தளர்ந்தால் அவன் வீட்டுக்கே நஷ்டம் என்பது போதுமானதாக இருந்தது. இன்னொருவன் உயிருக்கு ஒருவனைப் பொறுப்பாக்குவது அவன் நற்குணமா, அல்லது அவனைச் சுற்றிச் செய்யப்பட்ட ஏற்பாடா? அறம் பற்றிய நமது பேச்சு முழுவதும் முன்னதையே சார்ந்திருக்கிறது. கடலில் இறங்குபவர்கள் பின்னதைச் சார்ந்தார்கள்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்தது. அதற்குள் கயிறு தேவைப்படாத வழி ஒன்று உலகில் வந்துவிட்டிருந்தது. 1943-ல் பிரான்சில் கூஸ்தோவும் காஞ்ஞானும் சேர்ந்து, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடாகக் காற்றைத் தரும் ரெகுலேட்டரை உருவாக்கினார்கள். காற்று மனிதனின் முதுகில் ஏறியது. மேலே யாரும் எதையும் பிடித்திருக்க வேண்டியதில்லை. படிமத்தின் தனியன் அப்போதுதான் சாத்தியமானான். ஆனால் ஸ்கூபா கற்றுத்தருபவர்கள் உடனேயே ஒரு விதி செய்தார்கள்: கூட்டாளி இல்லாமல் இறங்காதே. அறுத்தெறிந்த கயிற்றை மறுபடி, கண்ணுக்குத் தெரியாமல், கட்டவேண்டியிருந்தது.

புதுச்சேரியில் ஆரம்பப் பயிற்சி எடுத்துக்கொண்டவன் என்ற அளவில் சில அபிப்பிராயங்கள் எனக்கு உண்டு. முதல் பாடம், மூச்சை அடக்காதே. குளியாள் மேற்பரப்பில் எடுத்த மூச்சை அடக்கிக்கொண்டு போனான். அது கீழே சுருங்கி, மேலே வந்ததும் பழைய அளவுக்கு விரிந்தது. ஸ்கூபாவில் மூச்சு ஆழத்தில் எடுக்கப்படுகிறது. 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நிரப்பிய நுரையீரலை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் உள்ளிருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியலாம். தண்ணீருக்குள் மூச்சை அடக்கு என்று உடம்பு சொல்வதும், பயந்தால் மேலே ஓடு என்று மனம் சொல்வதும் இங்கே ஆளைக் கொல்பவை. நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே, 5 மீட்டரில் 3 நிமிஷம் நில் என்ற விதிகள் இயல்புணர்ச்சிக்கு எதிராகச் செய்யப்பட்டவை. இயல்பானதே உண்மையானது என்று எழுதிவரும் நண்பர்கள் இதை யோசிக்கலாம்.

இரண்டாவது, உபகரணத்தில் என்னை அதிகம் பாதித்த விஷயம். ஒவ்வொருவரின் ரெகுலேட்டரிலும் இரண்டு வாய்த்துண்டுகள் இருக்கின்றன. இரண்டாவது மற்றவனுக்கு. அது வருவதற்கு முன், காற்று தீர்ந்தவனும் இருப்பவனும் ஒரே வாய்த்துண்டை மாற்றி மாற்றி, இரண்டிரண்டு மூச்சாகப் பகிர்ந்துகொண்டார்கள். மரணபயத்தில் இருப்பவன், கிடைத்ததை இரண்டு மூச்சில் திருப்பித் தரவேண்டும். அத்தனை பேரும் மகான்களாக இருக்க முடியாது என்று புரிந்தபோது குழாயில் இன்னொரு வாயைப் பொருத்தினார்கள். குகைகளில் மூழ்குபவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். பதற்றத்தில் இருப்பவன், ஓரமாகத் தொங்குவதைத் தேடமாட்டான். நிச்சயமாகக் காற்று வருவது என்று கண்ணுக்குத் தெரிவதை, உன் வாயில் இருப்பதையே, பிடுங்குவான். ஆகவே அதையே கொடுப்பது என்று முன்னதாகத் தீர்மானித்து, அதற்கு நீண்ட குழாய் வைத்து, தனக்கு உரியதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஷெக் எக்ஸ்லி 1979-ல் வெளியிட்ட குகை மூழ்கல் கையேடு, நடந்த சாவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து விதிகளைத் தேடுகிறது. காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, மூன்றாவது பங்கு தொடாமல் கூட்டாளிக்காக என்பது அவர்களின் கணக்கு.

இது அறத்தைக் குழாய்வேலையாக்குவது என்று ஆட்சேபிக்கலாம். எங்கள் ஊர்ப்பக்கம் காவிரியிலும் கொள்ளிடத்திலும் தண்ணீர் வரும் காலத்தில் செய்தி ஒரே மாதிரி வரும்: மூழ்கியவர் ஒருவர், காப்பாற்றக் குதித்தவர் ஒருவர். குதித்தவரின் மனத்தில் குறை ஏதும் இல்லை. முங்குபவன் அவர் தோளில் ஏறுவான் என்பதற்கு ஏற்பாடு இல்லை, அவ்வளவுதான். கரையில் நின்று வேட்டியை வீசிய கிழவர்கள் அன்பு குறைந்தவர்களாக எனக்குத் தோன்றவில்லை. மற்றவனின் பயம் எப்படி இருக்கும் என்று பயம் வருவதற்கு முன்பே யோசித்துவைப்பது, அன்பு எடுக்கக்கூடிய மிகக் கடினமான உருவம்.

ஆனால் ஏற்பாடும் சாகும். மார்க்கோ போலோ இந்தக் கடற்கரையின் முத்துக்குளிப்பை எழுதும்போது, பெரிய மீன்களைக் கட்டும் மந்திரக்காரர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதைச் சொல்கிறார். மந்திரம் பகலுக்கு மட்டும், இரவில் அவிழ்த்துவிடுவார்கள். கடல்கட்டி என்று பின்னாட்களில் அழைக்கப்பட்டவர்கள் இவர்கள் வழியினர். இறங்குவதற்கு முன் கூட்டாளிகள் ஒருவர் உபகரணத்தை ஒருவர் பார்க்கவேண்டும் என்று விதி. பார், வார், எடை, காற்று என்று உதடு சொல்லிக்கொண்டே போக, கண் அழுத்தமானியில் நிற்காமல் நழுவுவதைக் கண்டிருக்கிறேன். அது கடல்கட்டியின் வேலை. அவராவது தினமும் புதிதாகக் கட்டினார். கையில் காமிரா ஏறிவிட்ட கூட்டாளியை நான் கூட்டாளியாகக் கணக்கிடுவதில்லை. பார்க்காத கூட்டாளியைவிடத் தனக்கென்று இன்னொரு காற்றுப்புட்டி மேல் என்று தனியாக இறங்கும் கட்சியும் இருக்கிறது. அவர்கள் வாதத்தில் பாதி உண்மை. முதுகுப்பக்கம் அறுந்த வலை ஒன்று மாட்டிக்கொண்டால் இரண்டாவது புட்டிக்குக் கண் இல்லை.

பாங்கில் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர். ஒருவரையும் நம்பாததால் வந்த ஏற்பாடு என்று அதை நினைத்துவந்தேன். இருவரும் எண்ணினால்தான் அது ஏற்பாடு. எண்ணாமல் கையெழுத்திடத் தொடங்கினால் இரண்டு சாவியும் ஒரு சாவிதான்.

நம் வட்டத்தில் கையெழுத்துப் பிரதிகள் கைமாறுகின்றன. 'ஆழமாக இருக்கிறது' என்று திருப்பித் தருகிறோம். எத்தனை மீட்டர், மீதி எவ்வளவு காற்று, அவன் கயிற்றைச் சுண்டினானா என்று பார்த்துச் சொல்பவர்கள் நம்மில் இரண்டு மூன்று பேர். அவர்களுக்குச் சிடுமூஞ்சிகள் என்று பெயர். என் கயிற்றை அவர்களிடம் கொடுக்கவே எனக்கு விருப்பம்.