மணவோலையும் மகிழடிச் சூளும்

விவாகமாவது யாது? இருவர் தம்முட் செய்துகொள்ளும் உடன்படிக்கையோ, அக்கினி சாட்சியாக நிகழும் சமஸ்காரமோ? இவ்வினாவை இக்காலத்து மாணாக்கர் நம்மிடமே வினாவுகின்றனர். பதிவுப் புத்தகத்திற் கையொப்பமிட்டாற் போதும், அம்மியும் அருந்ததியும் எற்றுக்கு என்பர் ஒரு சாரார். தாலி கட்டியபின் பதிவு எற்றுக்கு, அஃது அந்நியர் கொணர்ந்த வழக்கு என்பர் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் சாட்சியையே பொருளெனக் கொண்டு மயங்குகின்றனர்.

நாம் வாழும் இக்கண்டி நாட்டின் சரித்திரம் இதனை நன்கு விளக்கும். அரசர் காலத்தே இங்கு மனைவி கணவன் இல்லஞ் செல்லும் தீக மணமும், கணவன் மனைவி இல்லம் புகும் பின்ன மணமும் வழங்கின. உடன்பிறந்தார் பலர் ஒருத்தியை மணக்கும் வழக்கமும் இருந்தது. ஏட்டிற் பதிவு இல்லை. ஊரும் உறவும் அறிந்ததே சான்று. 1815இல் ஆட்சி ஆங்கிலேயர் கைப்பட்டது. 1859இல், தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், கண்டியர் விவாகக் கட்டளைச் சட்டம் எழுந்தது. அச்சட்டம் பலகணவர் மணத்தை விலக்கிற்று. பதியப்படாத மணம் மணமன்று என்றது. குறித்த குற்றத்தை நிறுவினாலன்றி விவாகரத்தில்லை என்றது. நோக்கம் நன்றே. ஆயினும் பலர் பழைய முறைப்படியே மணந்து, பதிவாளரை நாடாதிருந்தனர். ஊரார் மனைவியென மதித்தவளைச் சட்டம் மனைவியல்லள் என்றது. அவள் பெற்ற மக்களும் உரிமையிழந்தனர். 1870இல் வேறொரு சட்டம் இருவர் இசைவினால் மணம் நீங்குதலை மீண்டும் ஏற்றது. ஏட்டின் வன்மையால் மட்டும் இல்லறம் நிலைபெறாது என்பது இதனாற் பெறப்படும்.

அச்சட்டம் கண்டிச் சிங்களவர்க்கு உரியது. இந்நகரிலும் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் சைவராகிய நமக்கு 1907ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுச் சட்டமே உரியது. அதன்படி, பதிவின்மை ஒன்றினால் மணம் வறிதாகாது. வழக்காற்றுச் சடங்கினால் நிகழ்ந்த மணத்தையும் நீதிமன்றம் ஏற்கும். ஆயின், கணவன் இறந்தபின்னோ கைவிட்டபின்னோ ஒரு பெண் தன் உரிமையை நாட்டுதற்குச் சாட்சி தேடி அலைதல் வேண்டும். குருக்கள் ஊர் மாறியிருப்பார், முதியோர் மறைந்திருப்பர். ஆதலிற் பதிவை இகழ்வார் எளியாளது காவலையே இகழ்கின்றனர். 1995இல் மணவயது பதினெட்டாக உயர்த்தப்பட்டது. அவ்வரம்பு காக்கப்படுதற்கும் பதிவு துணையாகும்.

எழுத்துச் சான்று சைவத்துக்குப் புறம்பென்பார் பெரியபுராணத்தை நினைப்பாராக. புத்தூரிலே சுந்தரமூர்த்தி நாயனார் திருமணத்தைத் தடுத்த முதியவர் கையிலிருந்தது ஓர் ஓலை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் அதனைப் பாட்டனார் கைச்சாத்தோடு ஒப்புநோக்கியே தீர்ப்புரைத்தனர். எழுத்தைச் சான்றாகக் காட்டியவர் இறைவரே.

எனினும் அவ்வரலாறு ஓலையோடு முடியவில்லை. திருவொற்றியூரிற் சங்கிலியாரை மணக்குமுன், பிரியேன் எனச் சூளுறுதல் நாயனாருக்குக் கடனாயிற்று. சந்நிதியிற் சூளுறும்போது பெருமான் மகிழமரத்தடியில் இருத்தல் வேண்டுமென அவர் இரந்தார். பெருமானோ மகிழடியிலேயே சூள்பெறுமாறு சங்கிலியாருக்கு உணர்த்தினார். சாட்சியை விலக்கிச் சொல்லும் சொல் சூளாகாது என்பது கருத்து. பின்னர் நாயனார் அவ்வெல்லையைக் கடந்தபோது கண்ணொளி இழந்தார். தம்பிரான் தோழர்க்கும் விலக்களிக்கப்படவில்லை. ஒறுக்கப்பட்டவர் கணவரேயன்றி மனைவியாரல்லர் என்பதையும் நாம் மறத்தலாகாது. கற்பைப் பெண்ணுக்கே விதித்து, ஆணின் சொல்லுறுதியை வினவாது விடும் நம் வழக்கத்துக்குப் புராணம் சான்றாகாது.

அன்புண்டாயின் சூள் எற்றுக்கு எனின், அன்பு பருவந்தோறும் வேறுபடுவது; நோயும் வறுமையும் மூப்பும் வருங்காலத்து இருவரையும் தாங்குவது சொன்ன சொல்லே. மேலும், உடன்படிக்கை அதனைச் செய்த இருவருக்கே உரியது. இல்லறமோ கையொப்பமிடாத பலருக்கு நிழலாவது: பிறவாத குழந்தை, தளர்ந்த பெற்றோர், வாயிலில் வந்த விருந்து. அவர்க்கெல்லாம் புகலிடமாதலே மணத்தின் பயன். இருவர் இன்பம் அதனுள் அடங்கும், அஃதே முழுவதுமன்று.

அங்ஙனமாயின், அடித்து வருத்தும் கணவனோடும் ஒருத்தி இருந்தே தீரவேண்டுமோ எனின், வேண்டா. கையோங்கியவனே சூளைக் கடந்தவன். அவளைப் பொறுத்திரு என்று ஏவுவார் சமயத்தின்பேராற் கொடுமைக்குத் துணைபோகின்றார்.

ஆசிரியன்மார்காள்! நம் மணப்பந்தலிலே சீதன உறுதி ஒருமுறைக்கு இருமுறை ஆராயப்படுகின்றது. மணமகன் வாயுறுதியோ எவர் செவியிலும் விழுவதில்லை. மந்திரத்தின் பொருளை அவனுக்குத் தமிழிலே உணர்த்துமாறு குருக்களை வேண்டுங்கள். அதே நாளிற் பதிவாளரையும் அழையுங்கள். யாவற்றிற்கும் முன்னே, சொன்ன சொல்லைக் காத்தலை வகுப்பிலுள்ள ஆண்பிள்ளைகளுக்கு இளமையிலேயே பழக்குங்கள். பத்து வயதிற் சிறிய வாக்கைக் காத்தவனே முப்பதிற் பெரிய வாக்கைக் காப்பான்.

சிவம்.