ஆகிஞ்சன்யமும் கைக்கடிகாரமும்



தசலட்சண நாள்களுள் ஒன்பதாம் நாள் ஆகிஞ்சன்யத்துக்கு உரியது. எனதென்று யாதும் இல்லை என உணர்தலே அவ்வறம். அதனை விளக்குவோர் மாளிகையையும் பொன்னையும் காட்டுவர். நான் ஒரு கைக்கடிகாரத்தைக் காட்ட விழைகிறேன்.

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், மலைகளுக்கிடையே கிளாஸ்ஹூட்டே என்னும் சிற்றூர் உள்ளது. 1845ஆம் ஆண்டு பெர்டினாண்ட் அடால்ப் லாங்கே அங்கே கடிகாரத் தொழிலைத் தொடங்கினார். அவ்வூர்க் கடிகாரத்தின் பின்புறத்தை நோக்கினால், இயக்கத்தின் பெரும்பகுதியை மூடிய முக்கால் தகடு தெரியும். லாங்கே கடிகாரங்களில் அது பெரும்பாலும் ஜெர்மன் வெள்ளியாலானது. பெயரில் வெள்ளி உண்டு. பொருளில் செம்பும் நிக்கலும் துத்தநாகமுமே உண்டு! லாங்கே நிறுவனத்தார் ஒவ்வோர் இயக்கத்தையும் ஒருமுறை பூட்டிச் சரிபார்த்து, முழுதும் பிரித்துத் தூய்மை செய்து, மறுபடியும் பூட்டுவர். சமன்சக்கரத்தைத் தாங்கும் சிறு துண்டில் பூவேலையைக் கையாலேயே செதுக்குவர். இவ்வுழைப்பைக் குறைகூற எனக்கு மனமில்லை. செதுக்குவோர் கையில் எத்தனையோ கடிகாரங்கள் வந்து தங்கிச் செல்கின்றன.

அவற்றைச் சேகரிப்போர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கையுமாக ஒப்பிடுகின்றனர். 'லாங்கேயின் செதுக்கு வேலையே சிறந்தது' என்பார் ஒருவர். 'கிளாஸ்ஹூட்டே ஒரிஜினலில் அன்னக்கழுத்து வடிவான நுண்சீரமைப்பு வில் இரண்டு உள்ளனவே' என்பார் மற்றவர். இருவர் கூற்றும் ஒவ்வொரு நயம்பற்றி மெய்யே; 'இதுவே' என்னும் ஏகாரத்தில்தான் மானகசாயம் நுழைகிறது. இத்தனைக்கும் இரண்டும் ஒரே வேரினவை. 1948இல் அரசு லாங்கே தொழிலகத்தைக் கைப்பற்றியது. 1951இல் அது ஊரின் பிற தொழிலகங்களோடு ஒரே அரசு நிறுவனமாக இணைக்கப்பட்டது. அந்த அரசு நிறுவனத்தின் வழிவந்ததே கிளாஸ்ஹூட்டே ஒரிஜினல். மூன்று தலைமுறை 'எங்களுடையது' என்றிருந்த பொருள் ஓர் ஆணையில் போயிற்று. நிறுவனரின் கொள்ளுப்பேரர் வால்டர் லாங்கே 1990இல் மீண்டும் தொடங்கினார். புதிய கடிகாரங்கள் 1994இல் வெளிவந்தன. இடைப்பட்ட காலத்திலும் ஊரார் கைகளில் தொழில் நின்றது, உரிமைதான் நிற்கவில்லை.

காலம் அறிவதற்காகவா இவை சேர்க்கப்படுகின்றன? விலை குறைந்த குவார்ட்ஸ் கடிகாரம் இவற்றினும் துல்லியமாக ஓடும். லாங்கே 1 என்னும் வகை, ஒருமுறை முழுதும் முறுக்கினால் 72 மணி நேரம் ஓடும். அதை இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைத்தால் நான்காம் நாள் நின்றுவிடும். சமயம் என நம் ஆகமங்கள் கூறும் நுண்காலமோ வெளியே கழிந்துகொண்டேயிருக்கும்.

புறப்பரிக்கிரகம் பத்து, அகப்பரிக்கிரகம் பதினான்கு என்பர். பெட்டகத்திலுள்ளது முன்னதைச் சேரும். ஒரு கடிகாரமும் இல்லாமல், விலைப்பட்டியலை இரவெல்லாம் புரட்டி ஏங்குபவரிடம் இருப்பது பின்னது. அதனைப் பெட்டகத்தில் தேடினால் அகப்படாது. அதனால் அதற்குக் கணக்கு வைப்பாரும் அரியர்.

இல்லறத்தார்க்கு முற்றத் துறத்தல் விதிக்கப்படவில்லை. பொருள் வரைதலே விதிக்கப்பட்டது. நிலத்துக்கும் பொன்னுக்கும் அளவு கூறி விரதம் ஏற்கும்போது, கடிகாரத்துக்கும் ஓர் எண்ணைக் கூறலாம். அது ஒன்றோ ஐந்தோ, அவரவர் நிலைக்கேற்ப அமையட்டும்; கடைக்குச் செல்வதற்கு முன்பே கூறிவிட வேண்டும்.