வளைவுக்கு அஞ்சாதே, வண்டியை எடு!

"அதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது" என்று சொல்லிச் சொல்லியே எத்தனை காரியங்களைத் தொடாமல் விட்டிருக்கிறாய், தம்பி? மலைப்பாதை என்றதும் கார் சாவியை அடுத்தவரிடம் நீட்டிவிடும் தங்கையே, உன்னையும்தான் கேட்கிறேன். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவியில் ஒரு சாலை இருக்கிறது. அதன் கதையைக் கேள். கேட்டபிறகும் பயம்தான் பெரிது என்றால், அப்போது பேசுவோம்.

கஹுலுயி நகரத்திலிருந்து தீவின் கிழக்குக் கோடியில் இருக்கும் ஹானா என்ற சிற்றூருக்குப் போகும் சாலை அது. தூரம் ஏறக்குறைய 84 கிலோமீட்டர்தான். ஆனால் வளைவுகள் சுமார் 620! பாலங்கள் 59. அவற்றில் 46 பாலங்களில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். வழியில் எங்கும் நிற்காமல் ஓட்டினாலே இரண்டரை மணி நேரம் பிடிக்கும்.

ஏன் இத்தனை வளைவு? ஹலேயாகலா என்ற எரிமலை 3,055 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. வடகிழக்கிலிருந்து வீசும் கடற்காற்று அதன் சரிவில் முட்டி மேலேறி மழையாகக் கொட்டுகிறது. காலங்காலமாகப் பெய்த அந்த மழை மலையைப் பள்ளம் பள்ளமாக அறுத்துவிட்டது. ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் சாலை நுழைகிறது, அருவியின் காலடியில் சிறு பாலத்தால் தாண்டுகிறது, மறுபடி கடலைப் பார்க்க வெளியே வருகிறது. 1926-இல் இந்தச் சாலை ஹானாவை எட்டும்வரை அந்த ஊருக்குக் கடல்வழியாகவோ, கரடுமுரடான தடங்களிலோதான் போய்ச் சேர வேண்டியிருந்தது. சாலை போட்டவர்கள் மலை வழிவிடாத இடத்தில் சுற்றிக்கொண்டு போனார்கள், திரும்பிப் போகவில்லை. உன் வாழ்க்கையில் சுற்றுவழி வந்தால் மட்டும் ஏன் அதைத் தோல்வி என்கிறாய்?

முதல் 25 கிலோமீட்டர் சாதுவான சாலை. அதன்பின் 36 என்ற சாலை எண் 360 ஆக மாறுகிறது. மைல்கற்கள் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்குகின்றன. உண்மையான பரீட்சை அங்கேதான். அங்கே 620 வளைவுகளையும் சேர்த்து நினைக்கிறவனுக்குக் கை நடுங்கும். கண்ணெதிரே இருக்கும் ஒரே ஒரு வளைவை மட்டும் பார்க்கிறவன், வேகத்தைக் குறைத்து, தன் பக்கத்தை விட்டு விலகாமல் திருப்பி, அடுத்ததற்குத் தயாராகிவிடுவான். ஹானாவை அடைந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் அடைந்தார்கள். முன்கூட்டியே தைரியத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு யாரும் கிளம்புவதில்லை. அது ஓட்ட ஓட்டத்தான் ஊறும், மணற்கேணி போல.

இன்னொன்று கவனி. அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். ஹானாவுக்குப் போகையில் கடல் உன் இடப்பக்கம். நீ மலையை ஒட்டிப் போகிறாய். திரும்பி வரும்போதோ பாறை விளிம்பை ஒட்டிய பக்கம் உன்னுடையது! கடினமான பக்கம், கை பழகிய பிறகே வருகிறது. எனக்கு இந்தச் சாலையில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

அந்த ஒற்றைத்தடப் பாலங்களில் முதலில் வந்தவருக்கு வழி. மற்றவர் நின்று காத்திருக்க வேண்டும். பின்னால் உள்ளூர்க்காரர் வேகமாக வந்தால் ஓரம்கட்டி அவரை விட வேண்டும். அவர் வேலைக்குப் போகிறவர். வழிவிடுவதால் நீ சிறியவனாகிவிட மாட்டாய். பின்னால் ஹார்ன் அடிக்கிறானே என்று பதறி மிதிக்கிறவன்தான் தன்னை இழக்கிறான். வெள்ளம் சாலையில் பாய்ந்தால் நின்றுவிடு. அதுவும் துணிவுதான்.

பாதி வழியில் கேயனே என்ற கடலோரக் கிராமம். 1946 ஏப்ரல் 1 அன்று ஆழிப்பேரலை அந்த ஊரை வாரிச் சுருட்டியது. 1860-இல் எரிமலைக் கல்லால் கட்டிய தேவாலயம் மட்டும் நின்றது. அந்த மக்கள் கடலைப் பழித்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. இன்றும் அங்கே தண்ணீர் தேங்கிய பாத்திகளில் சேப்பங்கிழங்கு பச்சைப் பசேலென்று விளைகிறது. எல்லாம் போனபின்னும் மண்ணில் கைவைத்தவர்கள் அவர்கள். நீ ஒரு நேர்முகத் தேர்வில் தோற்றதற்கா மூலையில் முடங்கினாய்? எழுந்திரு!

ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள், நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்த ஞாயிற்றுக்கிழமையே வளைவுள்ள ஒரு சாலையில் ஓட்டுங்கள். மெதுவாக ஓட்டுங்கள், ஆனால் ஓட்டுங்கள். உரிமம் இல்லாதவர்கள் திங்கட்கிழமை காலையில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பெயரைப் பதிவுசெய்யுங்கள். வயது ஐம்பது ஆனாலும் சரி, பதிவுசெய்யுங்கள்.